பால்கார வண்டி

என் முதல் பைக்கைப் பார்க்க ஷோரூமுக்குப் போனபோது, விற்பனையாளர் என் அண்ணனிடம்தான் பேசினார்.

"பிக்கப் சூப்பரா இருக்கும் சார்."

எனக்குச் சுருக்கென்றது. "ஓட்டப்போறது நான். என்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் எனக்கு அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் பாதி நாட்களில் பிரேயரே முடிந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஸ்கூட்டி வாங்கச் சொன்னார்கள். கியர் வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். லைசென்ஸும் எடுத்துவிட்டேன். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஷோரூம்லேர்ந்து நீயே ஓட்டிக்கினு வந்து வாசல்ல நிறுத்தணும். நடுவுல அண்ணன் கையில குடுத்துட்டா வண்டி அவனுக்கு. நீ பஸ்லயே போ."

அண்ணனுக்கு இது போதாதா? தனக்குப் பிடித்த உயரமான வண்டியையே காட்டினான். எனக்கும் அதன்மேல் கண்தான், பொய் சொல்ல மாட்டேன். ஏறி உட்கார்ந்தால் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி சாய்ந்தது. விற்பனையாளர் ஓடிவந்து பிடித்தார். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஓட்ட ஓட்ட பழகிடும்," என்றான் அண்ணன். யாருக்குப் பழகும் என்று எனக்குத் தெரியாதா என்ன!

மூலையில் சின்னதாக ஒரு கறுப்பு வண்டி நின்றது. உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. "இதுதான்," என்றேன்.

"அய்யே, பால்கார வண்டி!"

"ஆமா, நான் பால்காரிதான். உனக்கு இன்னா?"

வண்டி எடுக்கும் நாளை அப்பா குறித்தார். பௌர்ணமி! "நல்ல நாளு. பத்து மணிக்குள்ள ஊட்டுக்கு வந்துடலாம், கூட்டம் சாயந்தரம்தான்," என்றார். கிரிவலப் பாதையிலேயே வீடு வைத்திருக்கிறவர் சொல்கிற பேச்சா இது? ஷோரூமில் நம்பர் பிளேட் மாட்டி முடிக்கவே மூன்று மணி ஆகிவிட்டது. செங்கம் ரோட்டுக்கு வந்தால் சாலை முழுக்க வெறுங்கால் ஜனம். தடுப்பில் நின்ற போலீஸ்காரரிடம் ஆதார் அட்டையைக் காட்டினேன். "உள்ளூரா? போம்மா. யார் கால்லயும் ஏத்திடாத," என்று விட்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் காதருகில் வந்தான். "இறங்கு. நான் ஓட்டறேன்."

"நீ இறங்கு," என்றேன். இறங்கி நடந்தான்.

முதல் கியர். கிளட்சைப் பாதி விட்டு, இரண்டு கால்களாலும் தரையைத் தள்ளித் தள்ளி வாத்து மாதிரி போனேன். இரண்டு முறை இன்ஜின் நின்றது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. ஆனால் வண்டி ஒரு தடவைகூடச் சாயவில்லை. அந்த உயரமான வண்டியாக இருந்திருந்தால் யார் காலிலாவது போட்டிருப்பேன். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஜனம் கத்தும்போதெல்லாம் நானும் ஹெல்மெட்டுக்குள் கத்தினேன், வேண்டுதலாக.

வாசலில் வண்டியை நிறுத்தியபோது அப்பா மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். ஷோரூமிலேயே சக்கரத்தடியில் வைத்திருக்க வேண்டியவை அவை.

"நீ வந்து சேந்தாதானே பூஜைன்னு வெச்சிருந்தேன்," என்று சிரித்தார். கோபம் வந்தது, அதைவிடச் சந்தோஷம் வந்தது. இன்ஜின் நிற்காமல் இரண்டையும் ஒரே மூச்சில் நசுக்கினேன். எலுமிச்சை வாசனை தெருவெல்லாம் அடித்தது.

அண்ணன் அப்போதுதான் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் பார்த்தால், சட்டை மாட்டிக்கொண்டு வண்டியருகே நின்றிருந்தான்.

"டவுனு வரைக்கும் போணும். சாவி குடேன்."

சாவியைப் போட்டு நானே ஸ்டார்ட் செய்தேன்.

"பால்கார வண்டிதான், பரவால்லையா? பின்னாடி உக்காரு."

உட்கார்ந்தான்.