பூண்டு நுழையாத வீடு

அவளுடைய பெயரே சீச்சீதான் என்று தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்த்தாலும் அந்தச் சொல்தான் அவள் வாயில் முதலில் வரும். பேருந்துக் கைப்பிடியின் பிசுக்கு, மாடிப்படியில் எவனோ காறித் துப்பிய சளி, கொழுந்தன் சோபாவில் கிடந்தபடி கால்விரல் இடுக்கை நோண்டிவிட்டு அதே கையால் ரொட்டியை எடுப்பது. யாருக்குத்தான் குமட்டாது? மற்றவர்கள் விழுங்கிக்கொள்வார்கள். இவள் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பு பூண்டுதான். அது வேலையில் வந்த வினை. தாமிரச் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் கல்லை இடித்துப் பொடியாக்கி, உலையில் வறுத்துக் கொடுப்பவள் அவள். வருகிற கற்களுக்கு நடுவே எப்போதாவது ஒன்று கருஞ்சாம்பல் நிறத்தில், தீட்டிய கத்தி மாதிரி பளபளத்துக்கொண்டு வரும். எனார்கைட் என்பார்கள். தாமிரமும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. எப்போதோ சூடான நீர் ஏறி வந்த பாறை வெடிப்புகளில் படிந்து கிடக்கும். கையில் எடுத்தால் கனக்கும், தட்டினாலோ பாளம் பாளமாக விட்டுப்போகும். சும்மா கிடக்கும்வரை சாது. சூடு பட்டால் வெள்ளைப் புகை கக்கும். அந்தப் புகையில் அச்சு அசலாகப் பூண்டு வறுக்கும் வாசனை. ஆர்சனிக் என்றால் பாஷாணம் என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. புகையை உறிஞ்சும் கூண்டுக்கு வெளியே பூண்டு வாடை வந்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தினமும் அந்தப் பயத்தோடு வேலை பார்ப்பவள் வீட்டில் பூண்டை எப்படி விடுவாள்? கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே அடுக்களையை விட்டு அதை விரட்டிவிட்டாள். சுரங்கத்துக் கல் ஏற்றி லாரி ஓட்டும் கணவன் வெளியூர்ச் சாப்பாட்டில் ஈடுகட்டிக்கொண்டான். மாமியாருக்குத்தான் தாங்கவில்லை.

"ஒரே ஒரு பல்லு. எண்ணெயில போட்டு எடுத்தாப் போதும். வாய் செத்துப் போச்சும்மா."

"சீச்சீ, வேணாம் அத்தை. எனக்கு வாந்தி வரும்."

பக்கத்து வீட்டில் பூண்டு வறுபடும்போதெல்லாம் மாமியார் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். பார்க்கும்போது இவளுக்கு உடம்பு கூசும். ஐயோ பாவம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கொழுந்தனுக்குத் தெருவில் வைத்த பெயர் திட்டம். வேலை கிடையாது, எப்போதும் கையில் ஒரு திட்டம் இருக்கும். ஒருநாள் அண்ணன் லாரியின் தட்டில் கிடந்த மினுமினுப்பான கல் ஒன்றை எடுத்து வந்து அண்ணியிடம் நீட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் அவளுக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

"எனார்கைட். லேசுல கிடைக்காது, அபூர்வமான கல்லு."

"அபூர்வம்னா விலை இருக்கும்ல?"

"ஒரு மண்ணும் இல்ல. இது கலந்திருந்தா உருக்குறவங்க சரக்கையே திருப்பி அனுப்பிடுவாங்க. விஷம் தம்பி. கொண்டுபோய் எடுத்த இடத்துலயே போடுங்க. கையைக் கழுவுங்க."

"யாருக்குக் காது குத்துறீங்க அண்ணி? இந்தப் பளபளப்பு வெள்ளி இல்லாம வருமா?"

எடுத்த இடத்தில் போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

அன்று வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே பூண்டு வாடை அடித்தது. மாமியார் கடைசியில் ஜெயித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம் தலைக்கேறியது. இன்னும் நாலு படி ஏறியதும் வாடைக்குள் தொண்டையைக் கரிக்கும் கந்தகம் இருந்தது. அவள் கால்கள் ஒரு கணம் கீழே திரும்பின. சட்டம் அப்படி. பிறகு புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு மேலே ஓடினாள்.

வெள்ளி உருகுவதை அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதென்று திட்டம் ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தான். அடுப்பில் இரும்புச் சட்டி சிவந்துகொண்டிருந்தது. உள்ளே இடித்த கல். மாமியார் சட்டிக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி, அந்தப் புகையை ஆசை தீர இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள எனக்காக வறுக்கிறான்மா," என்றாள், இருமலுக்கு நடுவே.

மகன் வாசற்படியில் நின்றிருந்தான். மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு கட்டியிருந்தான்.

அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, மாமியாரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வருவதற்குள் இவள் புடவை முழுக்கக் கிழவியின் வாந்தி. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஆட்டோவில் அவள் தலையைத் தன் மடியில்தான் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தனிடம் கேட்டாள். "உங்க மூக்குக்குத் துண்டு கட்டத் தெரிஞ்சுது. அவங்களை ஏன் தள்ளி நிக்கச் சொல்லல?"

"அம்மாவுக்குப் பிடிச்ச வாசனைதானேன்னு விட்டுட்டேன் அண்ணி."

பிசுக்கும் சளியும் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே குமட்டியது. அத்தோடு விட்டதா? கிழவியின் மூக்கை இத்தனை வருடம் காயப்போட்டு அந்தச் சட்டிவரை இழுத்து வந்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் குமட்டலை எங்கே போய்த் துப்புவது?

மாமியார் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது உடம்பில் பாதிதான் இருந்தது. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றாள். ஒருநாள் இவள் கடைக்குப் போய்ப் பூண்டு வாங்கி வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தாள். நகக்கண்ணில் ஏறிய பிசினைப் பார்த்து நடுவில் இரண்டு தடவை வாந்தியெடுத்தாள். மறுபடி வந்து அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சோற்றில் பிசைந்து கட்டிலருகே கொண்டுபோனாள்.

"அத்தை, நல்ல பூண்டு. நானே வறுத்தேன். ஒரு வாய்."

மாமியார் கண்ணைத் திறந்தாள். வாசனை எட்டியதும் முகம் கோணியது. சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"சீச்சீ," என்றாள். "எடுத்துட்டுப் போம்மா."