எல்லா அணியிலும் தினுஷன்

றொசானி மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். வேலை முடிந்த நேரங்களில் ஜாங்கோ என்ற இணைய நிரலாக்கக் கருவியைப் படித்து, வாவிக்கரை ஊர்களின் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு ஓர் இணையத்தளம் செய்தாள். அணிகளுக்கு ஓர் அட்டவணை, வீரர்களுக்கு ஓர் அட்டவணை. எந்த வீரர் எந்த அணி என்ற இணைப்பும் உண்டு. அணித் தலைவர்களே தங்கள் வீரர்களைப் பதிய வேண்டும். அணியின் பெயரைத் தொட்டால் அதன் வீரர்கள் தெரிய வேண்டும்.

போட்டியன்று காலை வவுணதீவு மைதானத்தில் நாணயம் சுண்டவே முடியவில்லை.

"தினுஷன் எங்கட போலர். உங்கட பக்கத்தில எப்பிடி அவன்ட பேர் வந்த?" என்று வவுணதீவுத் தலைவர் கைபேசியை நீட்டினார்.

"உங்கட பக்கத்தில எங்கட கீப்பர் நிக்கிறாரே, அதென்ன?" என்றார் பழுகாமத்துத் தலைவர்.

தினுஷனுக்கோ ஒரே குஷி. "மச்சான், நான் எல்லா டீமிலயும் இருக்கன்! ஆருக்கு எதிரா எறியிற?"

ஏற்பாட்டாளர் இராசதுரை றொசானியைக் கூப்பிட்டார். "புள்ள, இதென்ன கூத்து? கெதியாப் பாரு."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பார்த்ததுமே முகம் சிவந்தது. பக்கத்தில் எது தெரிய வேண்டும் என்று சொல்லும் டெம்பிளேட்டில் 'இந்த அணியின் வீரர்கள்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'எல்லா வீரர்களும்' என்று எழுதியிருந்தாள். வீட்டில் ஒரே ஓர் அணியை மட்டும் பதிந்து சோதித்ததால் அது தெரியவில்லை.

"பிழை என்னிலதான் மாமா. பதிவெல்லாம் சரி, காட்டுற இடத்திலதான் பிசகு."

ஒரு வரியை மாற்றித் தளத்தில் ஏற்றினாள். பழுகாமத்துப் பக்கத்திலிருந்து தினுஷன் மறைந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் சித்தாண்டித் தலைவர் குகதாஸ் ஓடிவந்தார்.

"எங்கட ஆக்கள் எங்க? பக்கம் வெறுமையாக் கிடக்கு!"

"அண்ணன், நீங்க ஒருத்தரையும் பதியவே இல்லயே!"

"நேத்துப் பாக்கக்குள்ள நிறையப் பேர் கிடந்திச்சு. பதிஞ்சாச்சு எண்டுதான் நினைச்சன்" என்று குகதாஸ் தலையைச் சொறிய, மைதானமே சிரித்தது. சித்தாண்டிக்காரர்கள் மேசையைச் சுற்றி நின்று பெயர் சொல்ல, அவள் அங்கேயே பதிந்தாள். வீரர் இல்லாத அணிக்கு 'இன்னும் பதியப்படவில்லை' என்று காட்டவும் ஒரு வரி சேர்த்தாள்.

பிற்பகல் குகதாஸ் திரும்பவும் வந்தார்.

"தங்கச்சி, எங்கட கமக்காரர் சங்கத்துக்கும் இப்பிடி ஒண்டு செய்து தருவியா? வட்டையின்ட பேரைத் தொட்டா, அங்க வயல் செய்யிற ஆக்கள் வரணும்."

"ஓம் அண்ணன். ஒருத்தர் ரெண்டு வட்டையில செய்வாரா?"

"கன பேர் செய்யிறாங்க."

வீரருக்கு ஓர் அணி என்பதுபோல ஆளுக்கு ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, என்று இணைத்தால் இங்கே சரிவராது. றொசானி ஆவலோடு ஒரு தாளை இழுத்துக் கோடு போடத் தொடங்கினாள்.