கிரேனுக்குக் கீழே நின்ற கண்டக்டர்

நாற்பதடி உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே பார்த்தால் மனிதர்களுக்கு முகம் தெரியாது. மஞ்சள் ஹெல்மெட்டும் இரண்டு தோள்களும்தான் தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் பல வருடங்கள் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருபவை வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள். கம்பிக் கட்டுகளை எங்கே தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கீழே நின்று எனக்குச் சைகை காட்டும் வேலைக்கு அவர் வந்திருந்தார். மற்றவர்கள் பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கையை நீட்டுவார்கள். அவரோ 'நிறுத்து' என்பதற்கு ஒரு கணம் முன்பே, நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்பதை மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லிவிடுவார். நான் தயாராகிவிடுவேன். நான்கு டன் இரும்பு லாரியின் மேல் சத்தமில்லாமல் உட்காரும்.

எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், யாரோடும் அதிகம் பேசாதவர். டிக்கெட் கிழித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கேன்டீனில் கேட்டேன்: "எந்த ரூட்டு சார் ஓடுனீங்க?" அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். "ரூட்டு இல்லப்பா, பாட்டு. சினிமாப் பாட்டுக்கு நாப்பது பேரு வயலின் வச்சிக்கினு உக்காந்திருப்பாங்க இல்ல? அவங்க முன்னாடி நின்னு கை காட்டுறவன்."

அவர் வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருபவர். எனக்குக் கவரைப்பேட்டை. வேலை முடிந்து திரும்பும்போது அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் மட்டும் சேர்ந்து போவோம். எப்போதும் நான் அவருக்கு வலப்பக்கம் உட்காரும்படி பார்த்துக்கொள்வார். அந்தப் பத்து நிமிடங்களில்தான் அவர் வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. சர்ச்சில் ஆர்கன் வாசித்துத் தொடங்கி, ஸ்டுடியோவுக்குள் போய், இருபது வருடம் அடுத்தவர் எழுதிய இசையை நடத்தியிருக்கிறார். எந்தக் கேசட்டிலும் அவர் பெயர் வந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "எனக்குன்னு ஒரு சத்தம் கெடையாதுப்பா. அங்க இருந்ததுல சும்மா நின்னவன் நான் ஒருத்தன்தான்" என்பார். மனைவி இறந்த வருடம் ஓர் ஒலிப்பதிவைப் பாதியில் நிறுத்தி, வயலின்காரர்களில் ஒரு வரிசை வாசிக்கவே இல்லை என்று கோபித்திருக்கிறார். அவர்கள் வாசித்திருந்தார்கள். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "சிரிச்சிருந்தாக்கூட இருந்திருப்பேன்" என்றார். கையிலிருந்த குச்சியை வைத்துவிட்டு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை.

அன்று அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஒருநாள் முற்பகலில் கூண்டிலிருந்தே அதைத் தெரிந்துகொண்டேன். அவருக்குப் பின்னால் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. டிரைவருக்கு அவர் நிற்பது தெரியவில்லை. ஹார்ன் எனக்கே கேட்டது. அவரோ என்னை நிமிர்ந்து பார்த்தபடி, பதறாமல், கம்பிக் கட்டை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் லீவரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஒரு பக்கமாக வீசினேன். கையைப் பார்த்த மாத்திரத்தில் அவர் நகர்ந்தார். லாரி அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

இறங்கி ஓடினேன். "எடது காது சுத்தமா போச்சுப்பா. வலது பாதி. யாராண்டயும் சொல்லாத" என்றார். "இந்த எரைச்சல்ல எவனுக்குத்தான் காது கேக்குது? அல்லாம் கையிலதான பேசுறோம். அதுக்குத்தான் இங்க வந்தேன்." மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். ஒவ்வொரு முறை அவர் கை உயரும்போதும் நான் அவர் கையைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். நான்காம் நாள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். காதைப் பரிசோதித்தார்கள். அந்த வாரமே வேலை போனது. கேட்டருகில் என்னைப் பார்த்து, "நீதானா?" என்றார். தலையசைத்தேன். "அங்க நாப்பது பேருக்குத் தெரியும். ஒருத்தனும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னை நொந்துகொண்டாரா, மெச்சினாரா என்று எனக்கு விளங்கவில்லை. அதன்பின் வேறொருவர் வந்தார், நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அந்த உயரத்தில் நான் தனியாக இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் இறங்கி விசாரித்தேன். "அந்த பஸ் கண்டக்டர் ஊடா? பச்ச கேட்டு" என்றார் பூக்காரம்மா. கதவைத் தட்டிப் பயனில்லை. ஜன்னலருகே போய்க் கையசைத்தேன், எழுந்து வந்தார். வலது காதும் போயிருந்தது. மகள் வெளியூரில். வீட்டில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. நான் எழுத, அவர் பேசினார். பிறகு, தான் நடத்திய ஓர் ஒலிப்பதிவின் பழைய இசைக்குறிப்புத் தாள்களை விரித்து, மகள் வாங்கித் தந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். "நான் கை தூக்குனதும் போடு."

மணிக்கட்டு உயர்ந்தது. போட்டேன். முதலில் பாட்டும் கையும் சேர்ந்தே போயின. மெல்ல மெல்ல அவர் கை பின்தங்கியது. பாட்டு முடிந்துபோன அறையில், இன்னும் ஒன்றரைப் பக்கத்தை அவர் நிதானமாக நடத்தினார். முடித்துவிட்டுத் திரும்பி, "அல்லாரும் ஒண்ணா முடிச்சாங்களா?" என்று கேட்டார். 'முடிச்சாங்க சார்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நீயாச்சும் உள்ளத சொல்லுவன்னு நெனச்சேன்" என்றார். அதை அடித்துவிட்டு, ஒன்றரைப் பக்கத்துக்கு முன்பே பாட்டு நின்றுவிட்டது என்று எழுதினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. தாள்களை முதலிலிருந்து அடுக்கினார். "மறுபடி போடு. எங்க பின்னாடி போறனோ, அங்க கை காட்டு."

எதிரே நின்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். இரண்டாம் முறை கொஞ்சம் தவறியது. மூன்றாம் முறை அவர் கையும் பாட்டும் ஒன்றாக நின்றன. அதைக் கேட்டவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.