தோட்டாவும் தோட்டமும்

பிலோமி டீச்சர் ஒன்றை நினைத்துவிட்டால் உடும்புப் பிடிதான். அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து அந்தப் பிடியில் பலமுறை அகப்பட்டவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். மூணாறுக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. தமிழ்வழிப் பள்ளி, தகரக் கூரை. மழைக்காலத்தில் பாடம் நடத்துவது என்றால் கூரையோடு போட்டி போட்டுக் கத்துவது என்று அர்த்தம். சமவெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் முதல் மழையிலேயே மாற்றலுக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள்.

டீச்சர் அப்படி வந்தவர் அல்ல. அவருடைய அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பாளையங்கோட்டையில் சரித்திரம் படித்து, பி.எட். முடித்துவிட்டு மறுபடியும் மலையேறி வந்தார். கீழே நல்ல பள்ளிகள் கூப்பிட்டும் போகவில்லை. "லயத்துப் பிள்ளை லயத்துக்கே வந்துருச்சு" என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவருக்கு ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அது ஒரே அறையில் மூன்று வகுப்பு. முன்பெஞ்சில் கிளார்க்குகள், கணக்கப்பிள்ளைகளின் பிள்ளைகள். புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். நடு பெஞ்சுகளில் இருப்பவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். கடைசி பெஞ்சுகளில் இருந்தவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதினாலே கை வலிக்கும். இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே மாதிரி நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதுதான் அதுவரை சரித்திரப் பாடமாக இருந்தது. முன்பெஞ்சு எழுதும், நடுபெஞ்சு முன்பெஞ்சைப் பார்த்து எழுதும், கடைசி பெஞ்சு ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்க்கும்.

கடைசி பெஞ்சில் ராமுத்தாய் என்று ஒரு பெண். அவளுடைய அப்பா மொக்கையன், தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். மேடையேறினால் துரைமார் வயிற்றில் புளியைக் கரைப்பவர். அம்மா பெரியம்மாள் கொழுந்து எடுக்கிறவர். விடிவதற்கு முன் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, தம்பிமாரைக் கிளப்பிவிட்டுத்தான் ராமுத்தாய் பள்ளிக்கு வருவாள். வந்ததும் பாதி நேரம் கண் சொக்கும்.

அந்த வருஷப் பெற்றோர் கூட்டத்தில் மொக்கையன் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். மகள் ஒன்பதில் தேறினால் பார்க்கலாம், தேறாவிட்டால் செக்ரோலில் பெயர் கொடுத்துவிடுவேன் என்றார். செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலையாட்களைப் பதியும் புத்தகம். ஒரு பெண்ணின் பெயர் அதில் ஏறினால் கிழவியாகி வேலையை விட்டு இறங்கும்போதுதான் அதுவும் இறங்கும். தலைமையாசிரியர் அமிர்தநாதன் சாரோ, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம் குறையக் கூடாது என்பதற்காக, மந்தமான பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்தி வைக்கிற கொள்கை உடையவர். மொத்தத்தில் கடைசி பெஞ்சுக்கு ஒரு கதவுதான். அதற்கும் இரண்டு பூட்டு.

கால்பரீட்சை வந்தது. சரித்திரக் கேள்வித்தாளை மலையாளத்திலிருந்து தமிழாக்கிய புண்ணியவான் ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட்டார். '1857-ஆம் ஆண்டு சமரத்துக்குக் காரணம் என்ன?' என்று கேட்டிருந்தது. மலையாளத்தில் சமரம் என்றால் போராட்டம். எங்கள் தோட்டத்துத் தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஸ்ட்ரைக். சிப்பாய்களுக்குக் கொடுத்த தோட்டாவில் மிருகக் கொழுப்பு தடவியிருந்தது, அதனால் கலகம் வெடித்தது என்பது புத்தகத்தில் இருந்த பதில். ராமுத்தாய் எழுதியிருந்தது இது: 'தோட்டத்தில் துரைகளுக்குக் கொழுப்பு அதிகமாகிவிட்டது. அதனால் சிப்பாய்கள் சமரம் செய்தார்கள்.'

ஆசிரியர் அறையில் அந்தத் தாள் கை மாறிக் கை மாறிப் போனது. நாங்கள் சிரித்த சிரிப்பில் தமிழாசிரியருக்குப் புரையேறிவிட்டது. அமிர்தநாதன் சார் கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டீச்சரும் முதலில் சிரித்தார். பிறகு தாளை வாங்கி மறுபடி படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல என்ன சார் தப்பு? வார்த்தைதான் தப்பு. காரணம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

இது தேறாத கேஸ் என்று நான் சொன்னேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, நான் வாயை மூடிக்கொண்டு அல்ஜீப்ரா திருத்தப் போனதே புத்திசாலித்தனம்.

அதற்குப் பிறகு அவருடைய பாடத் தயாரிப்பே மாறிப்போனது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் திட்டம் போடுவார். மதியம் டிபன் பாக்ஸை ஒரு கையால் திறந்துகொண்டே மறுகையால் எழுதுவார். அவர் கணக்கு எளிமையானது. படிக்கத் தெரியாத பிள்ளையும் முதல் ஐந்து நிமிஷத்தில் வாய் திறக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு திணறுகிற மாதிரி வேலை இருக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பாலம் போட வேண்டும். சொல்ல எளிது. ஒரு பாடத்துக்கு இப்படித் திட்டம் போட நான் முயன்று பார்த்தேன், அரைத் தாளுக்கு மேல் ஓடவில்லை.

அந்த 1857 பாடத்தை அவர் மறுபடி நடத்தியது நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை, வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளைச் சிறு சிறு குழலாகச் சுருட்டி, உள்ளே தேயிலைத் தூளை நிரப்பி, வெளியே விளக்கெண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தார். இதுதான் தோட்டா, தோட்டமில்லை என்று பலகையில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். அந்தக் காலத்துத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் துப்பாக்கியில் மருந்து போட வேண்டும், எங்கே, கடியுங்கள் பார்ப்போம் என்றார். ஒரு பிள்ளையும் கடிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். அதில் என்ன தடவியிருக்கிறது என்று தெரியவில்லையே என்றது கடைசி பெஞ்சு.

"அவுகளுக்கும் தெரியல. கேட்டாக. பதில் சொல்ல வேண்டியவுக ஒழுங்கா சொல்லல. பன்னிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்புன்னு பேச்சு பரவிருச்சு" என்றார் டீச்சர்.

பன்றிக் கொழுப்பு என்றால் நாங்கள் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடுவோமே என்று ஒரு பையன் எழுந்தான். மாட்டுக் கொழுப்பு என்றால் எங்கள் வீட்டில் உள்ளேயே விடமாட்டார்கள் என்று இன்னொருவன். ஒருவனுக்குப் பிரசாதம் இன்னொருவனுக்குப் பாவம் என்பது டீச்சர் ஒரு வார்த்தை சொல்லாமலே வகுப்புக்குப் புரிந்தது. பிறகு பலகையில் நான்கு கேள்விகளை எழுதினார். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், யார் மறுத்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று. கடைசி பெஞ்சு சிப்பாய்கள், அவர்கள் கோரிக்கையை வாயால் சொல்ல வேண்டும். முன்பெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி, புத்தகத்தைப் புரட்டிக் கம்பெனி சார்பில் பதில் கண்டுபிடிக்க வேண்டும். நடுபெஞ்சு இரண்டு பக்கமும் பேசியதை எழுத வேண்டும். அந்தத் தாள்தான் எல்லோருக்கும் நோட்ஸ்.

முன்பெஞ்சில் மரியசூசை என்று ஆபீஸ் கிளார்க்கின் மகன். கெட்டிக்காரன், கொஞ்சம் கர்வி. இது ஸ்ட்ரைக் இல்லை, ஸ்ட்ரைக் என்று எழுதினால் பரீட்சையில் முட்டைதான் கிடைக்கும் என்று மறித்தான். அவன் சொன்னது நியாயம். டீச்சர் அதை மறுக்கவில்லை. சமரத்துக்கும் இதற்கும் எது ஒன்று, எது வேறு என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

ராமுத்தாய் எழுந்தாள். "சமரம் முடிஞ்சா மறுநா வேலைக்குத் திரும்பிறலாம், டீச்சர். இவுக திரும்ப முடியாது. துப்பாக்கியத் திருப்பிட்டாகள்ல."

மரியசூசை அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். கர்விதான், ஆனால் நல்லதைக் கண்டால் விடமாட்டான்.

அமிர்தநாதன் சாருக்கு இது பிடிக்கவில்லை. வகுப்பில் கூச்சல், கோரிக்கை, கோஷம். மானேஜர் காதுக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் ஸ்ட்ரைக் சொல்லிக் கொடுக்கிறோம் என்று பேச்சு வரும் என்று பயந்தார். டீச்சரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் மாதிரி நோட்ஸ் கொடுத்தால் போதும் என்றார். நோட்ஸ் கொடுத்து எத்தனை வருஷமாகக் கடைசி பெஞ்சு தேறியிருக்கிறது என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். இந்த வருஷமும் அவர்கள் தேறாவிட்டால் நானே வேறு பாடம் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை என் வகுப்பில் தலையிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எல்லாப் பாடமும் தோட்டா மாதிரி பற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசர் வரிசைகளை வைத்து அவர் போட்ட ஒரு நாடகம் படு தோல்வி. அசோகராக நின்ற பையன் சிரிப்பை அடக்க முடியாமல் கலிங்கத்தை விட்டு ஓடிப்போனான். டீச்சர் அன்று மாலையே காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு திட்டம் எழுதினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் இல்லை அவர். மண் ஒட்டியது, தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். பரீட்சைக்கு முந்தின மாதம் மட்டும், பேசத் தெரிந்ததை எழுத வைப்பதற்கு என்று, கடைசி பெஞ்சைச் சாயங்காலம் நிறுத்தி வைத்தார். ராமுத்தாய் தண்ணீர் பிடிக்க ஓட வேண்டும் என்பதால் அவளுக்கு மட்டும் மத்தியானம்.

மார்ச்சில் முழுப்பரீட்சை. கடைசி பெஞ்சில் ஒன்றிரண்டு பேர் போக மற்றவர்கள் தேறிவிட்டார்கள். ராமுத்தாய் சரித்திரத்தில் நன்றாகவே வாங்கியிருந்தாள். கணக்கில் மயிரிழையில் தப்பினாள். அந்த மயிரிழையை நான் போடவில்லை, அவளே வாங்கியது. அமிர்தநாதன் சார் தேர்ச்சிப் பட்டியலில் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பில் ராமுத்தாய் இல்லை. மறுநாளும் இல்லை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. தோட்டத்தில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. இப்போது விட்டால் எப்போது கிடைக்குமோ என்று மொக்கையன் மகளின் பெயரைக் கொடுக்கப் போகிறார். தேறினால் பார்க்கலாம் என்றுதானே சொன்னேன், பார்த்துவிட்டேன் என்றாராம். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று சாயங்காலமே லயத்துக்குப் போவதென்று முடிவு செய்தார். நானும் கூட வருவதாகச் சொன்னேன்.

நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. கடைசி மணி அடிப்பதற்குள் மொக்கையனே வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. மேடையில் முழங்குகிற மனிதர் ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

"என்ன பாடம் நடத்துனீக டீச்சர்? வீட்ல சமரம் பண்றா" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். செக்ரோல் பேச்சு எடுத்த அன்றிலிருந்து ராமுத்தாய் அடுப்பு மூட்டவில்லை. தண்ணீர் பிடிக்கவில்லை, விறகு எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். திட்டினாலும் அசையவில்லை, எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரே கோரிக்கைதான், பத்தாவது முடிகிற வரைக்கும் செக்ரோலில் பெயர் ஏறக் கூடாது என்றாளாம். பெண்டாட்டியாவது சமைப்பாள் என்று பார்த்தால், மலையிலிருந்து இறங்கி வந்த பெரியம்மாள் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு மகள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

"அவ அனுதாப சமரமாம்" என்றார் மொக்கையன்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. டீச்சர் சிரிக்கவில்லை. அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பக்கத்து லயத்தில் இருக்கிற தங்கை சமைத்துத் தருகிறேன் என்று வந்தாளாம். இவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். டீக்கடையில் பன்னும் டீயுமாக ஓடுகிறது.

"ஏன் வேண்டாம்னீங்க?" என்றார் டீச்சர்.

மொக்கையன் தரையைப் பார்த்தார். "சமரம் நடக்கையில வெளியாள விட்டு வேல பாக்க வைக்கலாமா டீச்சர்? எந் தங்கச்சியக் கருங்காலி ஆக்கிட்டு நான் நாளைக்கு எந்த மூஞ்சியோட மேடையேறுவேன்?"

அமிர்தநாதன் சார் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை.

"இத்தன வருசமா துரைமார்கிட்ட நான் கோரிக்கை வச்சிருக்கேன். எங்கிட்ட யாரும் வச்சதில்ல" என்றார் மொக்கையன். "அவ கேட்டதுல நியாயம் இருக்கு. ஒத்துக்கிட்டேன். செக்ரோலுக்குப் போகல. காலையில வருவா."

பிலோமி டீச்சர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முதல் பீரியட் சரித்திரம், நேரத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.