மோனே ஏரியில் ஒரு சனிக்கிழமை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுக்குக் கலியாணமாகி மூன்றாவது வருடம். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீட்டுத் தொகுதி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் கணவருக்கு இத்தாலிய உணவகம் ஒன்றின் குசினியில் வேலை. மத்தியானம் போனால் நான் நித்திரையான பிறகுதான் வருவார். நான் விடிய நாலரைக்கு ஒரு பள்ளிக்கூடம் துப்புரவாக்கப் போவேன். அது முடிய, முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் வேலை. நான் திரும்பி வரும்போது அவர் போயிருப்பார்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், துண்டுக் கடிதங்களால் குடும்பம் நடத்தினோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்போம். "பருப்பு சட்டியில் இருக்கு." "தண்ணிக் குழாய் ஒழுகுது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறன்." முதல் வருடம் அந்தத் துண்டுகளை அவர் "அன்புடன்" என்று முடிப்பார். பிறகு அது நின்றுபோனது. அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் நின்றுபோனது.

கீழ் வீட்டில் வயதான ஜெர்மன் தம்பதி இருந்தார்கள். வியாழக்கிழமைகளில் அந்த அம்மாவின் யன்னல்களைத் துடைத்துக் கொடுப்பேன். ஒருநாள் அவர், "கலியாணம் முடிந்ததும் எங்கே உல்லாசப் பயணம் போனீர்கள்?" என்று கேட்டார்.

"வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு" என்றேன். உண்மையும் அதுதான். மறுநாள் காலையே விசாவுக்காக வரிசையில் நின்றோம். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து போன ஒரே பயணம், கோயில் ஆட்களோடு பஸ்ஸில் கெவெலார் மாதா கோயிலுக்குப் போனதுதான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஆனி மாதமும் தானும் கணவரும் மோனே ஏரிக் கரையில் ஒரே அறையில் இரண்டு இரவு தங்குவது வழக்கம் என்றும், இந்த முறை கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றும் சொன்னார். "அறை எங்கள் பெயரில்தான் இருக்கிறது. சும்மா கிடக்கக் கூடாது. நீங்கள் இரண்டு பேரும் போங்கள்."

இதைத் துண்டில் எழுதி ஒட்டினேன். மறுநாள் அதன் கீழே "லீவு கேட்டுப் பாக்கிறன்" என்று இருந்தது. கேட்டுவிட்டு வந்தவர் என்னை எழுப்பிச் சொன்னார்.

"ஆர் செத்தது எண்டு முதலாளி கேக்கிறான். ஒருத்தரும் சாகேல்லை, மனிசியோடை ஏரி பாக்கப் போறன் எண்டனான். அவன் நம்பேல்லை."

"தந்தவனோ?"

"ஓம். ஞாயிறு பின்னேரம் வேலையிலை நிக்க வேணுமாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலேறினோம். டோர்ட்முண்டில் மாறி, ஸோஸ்டில் இறங்கி, அங்கிருந்து பஸ். ரயிலில் பரிசோதகர் வந்தபோது கணவர் டிக்கெட்டோடு பாஸ்போட்டையும் சேர்த்து நீட்டினார். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை பல வருடமாக நகர எல்லையைத் தாண்டுவதற்கே கடிதம் வாங்க வேண்டியிருந்த மனிதர். பரிசோதகர் பாஸ்போட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

விடுதி வீட்டுக்காரி யன்னல் திரையை இழுத்துக் காட்டினாள். மரங்களுக்குக் கீழே ஏரி, அக்கரையில் காடு. நான் யன்னலடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் சப்பாத்தைக் கழற்றக் கட்டிலில் இருந்தவர், ஒரு சப்பாத்தோடு அப்படியே சரிந்து நித்திரையாகிப் போயிருந்தார். மற்றதை நான் கழற்றினேன். கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் யன்னலோரம் இருந்து தனியாகச் சாப்பிட்டேன்.

காலையில் கீழே இறங்கிக் கோப்பி குடித்தார். "பத்து நிமிசம் சாய்ஞ்சிட்டு வாறன்" என்று மேலே போனார். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். அசையவில்லை. நான் தனியே கரையோரம் நடந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். வெயிலில் மர வாங்குகளில் சாய்ந்திருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் மட்டுமல்ல. என் கால்களும் நோகத் தொடங்கியிருந்தன. எனக்கும் படுக்க வேண்டும்போல்தான் இருந்தது. அதை ஒத்துக்கொண்டால் இந்தப் பயணமே தோற்றுவிடும் என்று வீம்பாக நடந்தேன்.

திரும்பி வந்தபோது அவருடைய கால் போர்வைக்கு வெளியே கிடந்தது. குதிக்கால் முழுக்க வெடிப்பு. கைவிரல் நுனிகள் சட்டி கழுவும் மருந்தில் வெளிறித் தோல் உரிந்திருந்தன. பகல் வெளிச்சத்தில் அந்தக் கைகளை நான் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. இன்னும் கொஞ்சத்திலை இண்டைக்கும் முடிஞ்சிடும்."

எழும்பி இருந்து முகத்தைத் தடவினார். "பிழையாப் போச்சு. என்ன செய்வம் எண்டு சொல்லும்."

"வள்ளத்திலை போவம்."

படகுக்காரன் ஒரு மணித்தியாலம் என்று சொல்லித் துடுப்புகளை அவர் கையில் கொடுத்தான். அவர் வயலும் தோட்டமும் உள்ள ஊர்க்காரர், தண்ணீர்ப் பழக்கமில்லை. ஒரு துடுப்பு ஆழமாகப் போனால் மற்றது மேலால் வழுக்கியது. சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே நின்றோம். காற்று எங்களை மெல்ல மெல்லக் கரையோர நாணல் பற்றைக்குள் தள்ளியது. அவருக்கு மூச்சு வாங்கியது. கரையில் சிலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு ஏலாது. அவனைக் கூப்பிடுவம்."

"தள்ளி இருங்கோ" என்றேன்.

இடம் மாறி இருந்து துடுப்பைப் பிடித்தேன். எங்கள் ஊரில் முன்னால் பார்த்துத் துடுப்பு வலிப்போம். இதில் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை தடுமாறினேன். பிறகு தோளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பற்றையிலிருந்து விலக்கி, வள்ளத்தின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, நடுவுக்குக் கொண்டுபோனேன்.

அவர் என் கைகளையே பார்த்தார். "இது எங்கை பழகினீர்?"

மூன்று வருடமாக நான் சொல்லாத விஷயம். மன்னாரில் அப்பாவுக்குத் தோள்மூட்டு விலகிய பிறகு, அண்ணன்மாரும் இல்லாத வீட்டில், மூன்று வருடம் நான்தான் அவரோடு வள்ளத்தில் போய் நண்டு வலை எடுத்தேன். சம்பந்தம் பேசியபோது அம்மா அதை மறைத்துவிட்டார். கடலுக்குப் போன பெட்டை என்று தெரிந்தால் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள் என்று பயம். தையல் தெரியும் என்று சொல்லச் சொன்னார். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவும் பொறுமை இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். துடுப்பை நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் சொல்லி முடிக்க மாட்டேன் என்று இருந்தது.

"மூண்டு வருசமாச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

"கேக்கிறதுக்கு நாங்கள் ஆளையாள் எப்ப கண்டனாங்கள்?" என்றார். "தையல் மெசின் ஒண்டு வாங்கித் தருவம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். நல்ல காலம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டார். துடுப்பு வலிக்கிற கையை எதற்குத் தொடுகிறீர்கள், வள்ளம் திரும்பும் என்றேன். கையை எடுத்துக்கொண்டு பின்பலகையில் சாய்ந்தார். நண்டு எந்த மாதத்தில் படும் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் சற்றுத் திறந்து நித்திரையாகிவிட்டார்.

இந்த முறை நான் எழுப்பவில்லை. என் ஜாக்கெட்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துவிட்டு, அணைக்கட்டுப் பக்கமாக மெதுவாக வலித்துக்கொண்டு போனேன். மணி பார்க்கவில்லை. என் தோளும் நொந்தது, ஆனால் அது பள்ளிக்கூட நிலம் துடைத்து வருகிற நோவு இல்லை. கரைக்கு வந்தபோது படகுக்காரன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். கிட்ட வந்ததும் உள்ளே படுத்திருந்தவரைப் பார்த்தான். கயிற்றைப் பிடித்து, வள்ளம் ஆடாமல் மெதுவாகக் கட்டினான்.

அன்று இரவு நானும் நன்றாகத் தூங்கினேன். ஞாயிறு காலை அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசை கண்டுவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தோம். டோர்ட்முண்டில் மாறி ஏறியதுவரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது ரயில் கெல்சென்கிர்ச்சனைத் தாண்டி டுயிஸ்பூர்க்கில் நின்றது. இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து இறங்கினோம். அவர் தொலைபேசிக் கூண்டிலிருந்து முதலாளிக்கு எடுத்தார். மறுபக்கத்துச் சத்தம் வெளியே நின்ற எனக்கே கேட்டது. "வாறன், வாறன்" என்று ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்தார்; மேடையில் இருந்த வாங்கில் வந்து இருந்தார்.

திரும்பிப் போகிற ரயில் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. நான் பையை எடுத்தேன். அவர் வாங்கிலிருந்து எழும்பவில்லை.

"ஏறேல்லையோ?"

"எப்பிடியும் பேச்சு வாங்கத்தானே போறன்" என்றார். "இரும். அடுத்ததிலை போவம்."

பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். கதவுகள் மூடி ரயில் புறப்பட்டுப் போனது. அடுத்தது வர இருபது நிமிடம் இருந்தது.