ஐஎஸ்ஓ போட்ட கூடை

சமையல்கட்டு ஆணியில் ஒரு கருப்பு ஒயர் கூடை தொங்குகிறது. நெல்லிக்காய் முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் உருண்டு நிற்கும். கை வைத்தாலே என் வேலை என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மருமகளின் களைத்த முகம்தான் வருகிறது.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். கூடைகளைப் போட்டோ எடுத்து போனில் விற்றது மருமகள்தான். பம்புசெட்டுக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், வெள்ளை வேட்டியை விரித்துக் குண்டு பல்புக்குக் கீழே எடுப்பாள். இந்தக் கருப்புக் கூடையின் போட்டோவைப் பார்த்துவிட்டு பீளமேட்டு அம்மா ஒருவர், "பழசத் தொடச்சு விக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். என் கூடையைப் பார்த்து அந்தக் கேள்வி! இனி ஒன்றையும் போனில் போடாதே என்று சொல்லிப்போட்டேன்.

"கூடை மேல தப்பில்லீங்கத்தை. இருட்டுக்கு ஐஎஸ்ஓவக் கூட்டிப்போட்டேன், அதான் பொரிபொரியா வந்துருச்சு" என்றாள்.

ஐஎஸ்ஓ எனக்குத் தெரியாதா? ஊரில் பாதிக் கம்பெனி வாசலில் அந்த எழுத்துத்தான். "என் கூடைக்கு எதுக்கு அம்மணி கம்பெனி சர்ட்டிபிகேட்டு?" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"ஐயோ அத்தை, இது கேமராவோட கண்ணுங்க. வெளிச்சம் பத்தலீன்னா, நல்லா முழிச்சுப் பாருன்னு அத முடுக்கறதுங்க. இல்லாத வெளிச்சத்துக்கு அது எங்க போகும்? புள்ளிபுள்ளியாக் கக்கிருது."

"அப்ப வெளிச்சம் இருக்கறப்பவே எடுக்கறது!"

"அப்ப நான் கம்பெனில இருக்கறனுங்களே."

ஞாயிற்றுக்கிழமையும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கம்பெனி அது.

என் கோபம் தணியவில்லை என்று தெரிந்து, ஒரு நாள் காலையில் அரை நாள் லீவு போட்டாள். ஜன்னலோரம் கூடையை வைத்து, ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்கினாள். அப்போது கை ஆடக் கூடாதாம். போனை அரிசி டப்பாமேல் சாய்த்துவிட்டு, "மூச்சு உடாதீங்கத்தை" என்றாள். போட்டோவில் முடிச்சு முடிச்சாகக் கூடை எழுந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு பீளமேட்டு அம்மா அந்தக் கூடைதான் வேண்டும் என்றார். "வேற போட்டுத் தாரனுங்க. இது குடுக்கறதுக்கில்ல" என்றேன்.

இப்போது மகனுக்கு ஓசூரில் வேலை. அவளும் அங்கே ஒரு கம்பெனிக்குப் போகிறாள். கூடைகளைக் காலை வெயிலில் நானே எடுக்கிறேன்; எனக்கென்ன, பகலெல்லாம் என்னுடையது. வேலை விட்டு வந்து, லைட்டைக்கூடப் போடாமல் வீடியோவில் கூப்பிடுவாள். "தெரியறனுங்களா அத்தை?" முகமெல்லாம் பொரிபொரியாக இருக்கும். "நல்லாத் தெரியுது கண்ணு" என்பேன். போனை வைத்த பிறகு ஆணியைப் பார்ப்பேன். கூடைக்காவது ஒரு காலை வெளிச்சம் கிடைத்தது.