பனியனில் ஓர் உள்பை

மதுரைக்காரிக்கு வெயிலைத் தவிர வேறு எதிரி தெரியாது. நான் போட்ட பட்டியலே அதற்குச் சாட்சி: தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வேர்க்குருப் பவுடர். போகப்போவதோ இமயமலையில் ஒரு தேசியப் பூங்காவுக்கு. ஐந்து நாள் நடை, கூடாரத்தில் தூக்கம். பட்டியலைப் பார்த்து என் தோழி சிரித்த சிரிப்பில் அவள் வாயில் கவ்வியிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

ஆனையூரில் எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கிறாள். இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டி. ஆசைப்பட்டது நான், பயணக் குழுவில் பெயர் கொடுக்க வைத்தது அவள்.

சுமை தூக்கிப் பழகச் சொன்னார்கள். ஆளுக்கு எட்டுக் கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டு, ஞாயிறு காலைகளில் திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றி நடந்தோம். "இம்புட்டுச் சுமையா! என்ன வேண்டுதல்க்கா?" என்று கேட்டார் ஒரு பூக்காரம்மா. "இவளுக்குச் சீனி குறையணும்னு வேண்டுதல்" என்றாள் தோழி. பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கேலி செய்ய அவளுக்கு உரிமை உண்டுதான். ஆனாலும் வீடு வரும்வரை உம்மென்றே வந்தேன்.

குழுவினர் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்சுலினை உறைய மட்டும் விட்டுடாதீங்கம்மா. உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். கரண்ட் போனால் மண்பானைத் தண்ணீரில் வைத்து மருந்தைக் காப்பாற்றத் தெரியும் எனக்கு. குளிரிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பது புத்தியில் ஏறியதே இல்லை. அங்கே பாட்டில் தண்ணீரே உறையுமாம். மருந்து கெட்டால் வேறு வாங்க இரண்டு நாள் நடக்க வேண்டும். 

நேரே தோழியின் கடைக்குப் போய், "நான் வரலடி. நீ போயிட்டு வா" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள். கோபம் வந்தால் திட்டுவதும் அதில்தான். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நல்ல வசவு என்று புரிந்தது. கடைசியில் தமிழுக்கு வந்து, "வீட்டுக்குப் போ, நாளைக்கு வாரேன்" என்றாள்.

மறுநாள் உச்சி வெயிலில் இரண்டு கம்பளி பனியன்களோடு வந்தாள். "உன் டாக்டரைப் பாத்துட்டுத்தான் வாரேன். மருந்தை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டா உறையாதாம். போட்டுப் பாரு."

பனியனின் உள்பக்கம், இடுப்புக்கு மேலே, மெத்தென்ற துணியில் பித்தான் வைத்த சின்னப் பை. வேர்த்து ஊற்ற ஊற்ற அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மற்ற பனியனைப் பார்த்தேன். அவள் அளவு. அதிலும் அதே பை.

"உனக்குச் சீனியே கிடையாதே, உனக்கு எதுக்குடி?"

"உன்னோடது எங்கயாச்சும் விழுந்து தொலைஞ்சா? பாதி மருந்து எங்கிட்ட இருக்கட்டும்."

அழுதுவிட்டேன். "கழட்டிட்டு அழு, கம்பளி நனையுது" என்றாள். இந்த நோயோடு இத்தனை வருடத்தில் எனக்குப் பத்தியம் சொன்னவர்கள் ஏராளம். பாதியைத் தன்னிடம் கொடு என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். பிரிட்ஜைத் திறந்து, மருந்தை இரண்டாகப் பிரித்து வைத்தேன்.